சிவப்பு அங்கிப் பிரபுவுக்கு ஒரு பூசை

ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கும் வேலை வந்தபோதே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. பரம்பரைச் சொத்து, மந்திரி பதவி, மாளிகை நிறைய ஓவியங்கள். தனக்கு ஓட்டுப் போட்ட ஊருக்கு ஒரே ஒரு தடவை போனவர், மழை என்று பாதியில் திரும்பிவிட்டார். குடியானவர்கள் உழுத நிலத்தை விற்று, இத்தாலியில் வரைந்த மாதா படம் ஒன்றை வாங்கினார். அதன் முன்னால் ஒருநாளும் முழங்கால் போட்டவரில்லை. முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே எழுதினால் வேலை ஓடும் என்று, சிவப்பு அங்கியில் அவர் நிற்கும் படத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன்.

அந்த வாரம்தான் மச்சானுக்கு நெஞ்சுவலி. சாணார்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை இதயத்தில் ஆபரேஷன் என்றார்கள். அக்கா என் வீட்டில் தங்கினாள்.

மறுநாள் காலையில் பிரபுவுக்கு மல்லிகைச் சரம். கீழே மெழுகுவர்த்தி. அக்கா முழங்காலில் இருந்தாள்.

"எந்த ஊருப் புனிதருப்பா இவரு? மொகத்துல என்னா சாந்தம்!"

"இங்கிலாந்து" என்றேன். புனிதர் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

மூன்று நாள் ஒரு வரி ஓடவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தால் அவள் அழுதுகொண்டிருப்பாள். சொல்லாமல் விட்டு, மச்சானுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கோயில் பக்கம் போய் வருஷக்கணக்கான நான், அந்தப் பாவத்துக்குப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே நடைதான். சாயங்காலம் நர்ஸ் வந்து, கண் முழித்துவிட்டார் என்றாள். எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

அக்கா கண்ணைத் துடைத்தாள். "அய்யலூர்ச் சந்தையில கெடா வாங்கி ஊருக்குச் சோறு போடுறதா அந்தப் புனிதருக்கு நேந்திருக்கேன். அவரு திருநாள் எப்பப்பா?"

இனி மறைக்க வழியில்லை. மந்திரி பதவி, விற்ற நிலம், வாங்கிய படம் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏலே, எவனோ ஒருத்தன் கால்லயாடா மூணு நாளா விழுந்து கெடந்தேன்?"

முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, "ஆளு செத்துட்டாரா?" என்றாள்.

"எப்பவோ."

"அவரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்கப் பிள்ளகுட்டி இருக்கா?"

"இல்லை."

"அப்ப இன்னும் மோட்சத்துக்குப் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துலதான் கெடப்பாரு. அம்புட்டுப் பாவம் செஞ்சிருக்காருல்ல. பூசையில வேண்டிக்குவோம், பேர எழுதிக் குடு."

கல்லறைத் திருநாள் பூசையில், செத்தவர்கள் பெயரைப் பங்குச் சாமியார் வாசிப்பது வழக்கம். தக்காளி வியாபாரி ஒருவருக்கும் டீச்சர் ஒருவருக்கும் நடுவில் பிரபுவின் பெயர் வந்தது. சாமியார் இரண்டு தடவை தடுமாறினார்.

மெலிந்துபோய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "யாரு இது, வெள்ளக்காரன் பேரு?"

"நம்ம ஆளுதான்" என்றாள் அக்கா. "பேசாம செபத்தச் சொல்லுங்க."