அப்பு, தகப்பன் பெயர் ஜார்ஜ்

காலை 6.10, போர்ட் பிளேரின் ஷாதிபூர். ரங்கத் போகும் பேருந்தில் இடம் இல்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு லாரியில் சொல்லி வைத்திருந்தார். ஃப்ரீசர் பெட்டி பொருத்திய பழைய லாரி, உள்ளே நாற்பது டப்பா ஐஸ்கிரீம். நாற்பத்தொன்றாவது சரக்காக நான் ஏறிக்கொண்டேன். மற்ற நாற்பதும் வழியில் பேசாது என்பதுதான் வித்தியாசம்.

வண்டி முருகேசுவுடையது. உரிமையாளரும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு இவர் மட்டும் போர்ட் பிளேருக்கு வந்து, ஆறு வருடம் மணல் லாரி ஓட்டிச் சேர்த்ததில் இந்த லாரியை வாங்கியிருந்தார்.

"ஃப்ரீசர்ல இதாங்க சார் மொத லோடு," என்றார். "ரங்கத்துல பாண்டியன் அண்ணாச்சி கடை இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அவரு மக கல்யாண ரிசப்ஷன். முந்தி ரெண்டு வாட்டி வேற ஆளுங்க ஐஸ்கிரீம் கொண்டு போனாங்க. எறக்கையில பாயாசமா இருந்திச்சு. இன்னைக்கு கட்டியா போய்ச் சேந்தா வாராவாரம் நம்ம லோடுன்னு சொல்லிருக்காரு."

"சேராவிட்டால்?"

"திரும்ப மண்ணு அடிக்க வேண்டியதுதான்."

"வழியில் பெட்டியைக் கவனிக்க ஆள் உண்டா?"

"பின்னுக்கு அப்பு இருக்கான்ல. அவன் பாத்துக்குவான்."

பின்னால் கிளீனர் இருக்கிறான் என்று என் மனதில் பதிந்தது. அன்றைய கோளாறு முழுவதும் இங்கே புறப்பட்டதுதான்.

காலை 8.00, ஜிர்காடாங். போர்ட் பிளேரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இதற்கு அப்பால் ஜாரவா மக்களின் காடு. வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, யாரையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. அடுத்தவர் வீட்டின் நடுவே போகிறோம், தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டியதுதான். எங்களுடையது ஒன்பது மணி அணி.

முப்பது வண்டிகளுக்கு மேல் நின்றன. மீன் வண்டிக்காரர் பெட்டி குளிர வேண்டுமென்று இஞ்சினை ஓடவிட்டிருந்தார். பேருந்துக்காரர், அணைத்தால் மறுபடி கிளம்பாதென்ற பயத்தில் ஓடவிட்டிருந்தார். காரணமே இல்லாமல் ஓடவிட்டவர்களும் இருந்தார்கள். ஐந்து ரூபாய் டீயில் நான்கு ரூபாய்க்குப் புகை.

முருகேசு மட்டும் இஞ்சினை அணைத்தார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ டுக்கு டுக்கு டுக்கு என்று சத்தம். இங்கே டோங்கி என்று சொல்லும் மீன்பிடிப் படகின் சத்தம். நான் காட்டுக்குள் கடலைத் தேடினேன்.

"அப்பு வேலைய ஆரம்பிச்சிட்டான்," என்றார் முருகேசு பெருமையாக.

"நல்ல உழைப்பாளி போல."

"தங்கம் சார். மணிக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்க மாட்டான்."

"அரை லிட்டரா? காலையிலேயேவா?"

"இது கம்மிங்க. பெரியவன் சும்மா நின்னாலே ரெண்டு லிட்டர் குடிப்பான்."

குடும்பமே அப்படியா என்று வருந்தினேன். வாசகர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், இந்நேரம் விஷயத்தைப் பிடித்திருப்பீர்கள். எனக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தேவைப்பட்டது.

சாவடியில் வண்டியில் இருப்போரின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். முருகேசு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொடுங்கள், நான் எழுதுகிறேன்," என்று படிவத்தை வாங்கினேன். பள்ளியில் இந்தித் தேர்வு ஒன்றை ஐந்து மதிப்பெண் கருணையில் தேறியவன் நான். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

"அப்பு யார் பிள்ளை?" என்று கத்தினேன்.

"ஷாதிபூர் ஜார்ஜ் மெக்கானிக்கு பெத்தது சார்!"

"எத்தனை வயது?"

"நம்மகிட்ட வந்து ரெண்டு மாசம்!"

வயதைத் தோராயமாக நானே போட்டேன். அப்பு, தகப்பன் பெயர் ஜார்ஜ், வயது 22. காவலர் மூன்று விரலைக் காட்டி "தீன்?" என்றார். "ஹான்ஜி, ஏக் பீச்சே," ஒருவன் பின்னால் என்று சொன்னேன். என் இந்தி அவருக்குப் புரிந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

காலை 10.40, மிடில் ஸ்ட்ரெய்ட். காடு முடிந்து உப்பங்கழி வந்தது. வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரி தயாராக நின்றது. பெரிய மீசைக் காவலர் ஒருவர் படிவத்தோடு வந்தார். இறங்கி நின்ற எங்களை எண்ணினார். பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எண்ணினார்.

"தீஸ்ரா கஹாங் ஹை?" மூன்றாவது ஆள் எங்கே?

முருகேசு என்னைப் பார்த்தார். "மூணாவது யாரு சார்?"

"அப்பு!"

"அப்புவ ஏன் சார் எழுதுனீங்க?"

அவர் விளக்கியிருப்பார். அதற்குள் நான் இந்தியோடு குறுக்கே பாய்ந்தேன். "அப்பு எங்கே? முருகேசுவைக் கேளுங்கள், அவரே சொல்லட்டும்," என்றேன் காவலரிடம்.

"வண்டி ஓடயில அவன் எதுக்கு? வழில பந்த் பண்ணிட்டேன்," என்றார் முருகேசு. அணைத்துவிட்டேன் என்று பொருள்.

நான் கடமை தவறாமல் மொழிபெயர்த்தேன்: "அப்பு கோ ராஸ்தே மே பந்த் கர் தியா." அணைத்தாலும் 'பந்த்'தான், ஆளைப் பூட்டிவைத்தாலும் 'பந்த்'தான் என்பது நான் தேறிய தேர்வில் வரவில்லை. ஜார்ஜ் மகன் அப்புவை வழியில் அடைத்துவைத்துவிட்டோம் என்று காவலரிடம் வாக்குமூலமே கொடுத்திருக்கிறேன்.

காவலரின் மீசை நிமிர்ந்தது. வண்டிச் சாவி அவர் பைக்குள் போனது. ஒயர்லெஸ்ஸை எடுத்தார்.

முருகேசு ஃப்ரீசர் முள்ளைப் பார்த்தார். மைனஸ் பதினெட்டில் இருந்தது மைனஸ் பதினாறுக்கு வந்திருந்தது. பெரிய இஞ்சினும் இல்லை, அப்புவும் இல்லை. அந்தச் சாவி இல்லாமல் இரண்டும் ஓடாது.

"சார், நீங்க இனிமே வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்," என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அது. பிறகு காவலரிடம் திரும்பினார். "சாப், அப்பு நீச்சே ஹை."

அப்பு கீழே இருக்கிறான். காவலர் பதறிப்போய் லாரிக்கு அடியில் குனிந்தார். அங்கே மனிதர் யாரும் இல்லை. பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டிதான் இருந்தது. அதன் மேல் ஏ, பி, யு என்று மூன்று ஆங்கில எழுத்துகள்.

"சாபி தே தோ சாப், அப்பு குத் போலேகா." சாவியைக் கொடுங்கள், அப்புவே பேசுவான்.

முள் மைனஸ் பதினான்கில் நின்றபோது சாவி வந்தது. முருகேசு திருகினார். டுக்கு டுக்கு டுக்கு! கரையில் படகுக்காகக் காத்திருந்த பத்துப் பதினைந்து பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். படகு எதையும் காணாமல் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. ஃப்ரீசர் ஓட வண்டியின் இஞ்சின் ஓட வேண்டும். நிற்கும் இடத்திலெல்லாம் அதை ஓடவிட்டால் டீசல் வீண், இஞ்சினும் தேய்ந்துபோகும். அதனால் ஜார்ஜ் மெக்கானிக் ஒரு டோங்கி இஞ்சினை எடுத்து, நிற்கும்போது பெட்டியை மட்டும் குளிர வைக்கும்படி கோத்துக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டு லாரிகளில் இப்படி உண்டு என்று கப்பல்காரர் யாரோ சொல்லி, அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளையும் பெட்டிமேல் எழுதிவிட்டார். முருகேசு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார், அப்பு பிறந்தான்.

காவலர் சிரித்த சிரிப்பில் மீசை இரண்டு பக்கமும் ஆடியது. "இஸ்கா ஆதார் கார்டு கஹாங்?" இவனுடைய அடையாள அட்டை எங்கே என்று கேட்டு மறுபடி சிரித்தார். ஆனாலும் காகிதம் காகிதம்தான். இரண்டு சாவடிக்கும் பேசி, அப்புவின் பெயரை அடித்து, பக்கத்தில் 'இஞ்சின்' என்று எழுதி, என்னிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். தலையை நிமிர்த்தியபோது ஃபெர்ரி நடுக்கழியில் போய்க்கொண்டிருந்தது.

பகல் 12.30. அடுத்த ஃபெர்ரிக்குக் காத்திருப்பு. முருகேசுவை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து அப்புவின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு சிக்னலில் என் ஸ்கூட்டரை நான் அணைத்ததே இல்லை. ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பதுதான் எங்கள் ஊரில் காத்திருப்பு. இங்கே இஞ்சின் ஓய்ந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கழியில் மீன் துள்ளுவது கூடக் கேட்கிறது, அப்பு மூச்சு வாங்கும் இடைவெளிகளில்.

"கோவமா, முருகேசு?"

"கோவமா? அங்க பாருங்க."

முள் மறுபடி மைனஸ் பதினெட்டுக்குப் போயிருந்தது.

மாலை 5.40, ரங்கத். பாராடாங் தாண்டி, இன்னொரு ஃபெர்ரி, கதம்தலா, அப்புறம் இடுப்பெலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும் சாலை. பந்தலில் விளக்கு போட்டுவிட்டார்கள். கோவில்பட்டிக்காரர் பாண்டியன் அண்ணாச்சி பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, ஒரு டப்பாவைத் திறந்து கட்டை விரலால் அழுத்தினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. டப்பாவை மூடிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போய்விட்டார். முருகேசுவின் முகம் விழுந்துவிட்டது.

மாலை 7.15. முதல் பந்தி. திடீரென்று அண்ணாச்சியின் குரல் பந்தலைத் தூக்கியது.

"ஏலே முருகேசு! இது என்னல, ஐஸ்கிரீமா கருங்கல்லா? சம்பந்தி கரண்டி வளைஞ்சு போச்சு! பிள்ளைக எல்லாம் மரக்கரண்டிய ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு!"

நான் பயந்து எழுந்தேன். முருகேசு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, யாரோ மாலை போடப் போவதுபோல நின்றார்.

"பத்து நிமிசம் வெளிய வைங்க அண்ணாச்சி, சரியாப் போவும்."

"வச்சுத் தொலைக்கேன். அடுத்த வாரம் கொண்டாரப்ப கொஞ்சம் எளக்கமாக் கொண்டா!"

அண்ணாச்சி போய்விட்டார். முருகேசு என் தோளைப் பிடித்தார். காலையிலிருந்து பேசக் கூடாதென்று எனக்குப் போட்டிருந்த தடையை அவரே நீக்கினார்.

"சார், அவரு இப்ப என்னா சொன்னாரு?"

"இளக்கமாகக் கொண்டு வரச் சொன்னார்."

"அது இல்ல சார். அதுக்கு முந்தி."

"அடுத்த வாரம் என்றார்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். பந்தலுக்கு வெளியே போய் லாரிக்கு அடியில் குனிந்து, அப்புவுக்கும் கேட்கும்படி சத்தமாக ஒருமுறை சொன்னேன். தமிழில்தான் சொன்னேன்.