தங்காமல் வந்த வாடிவீடு

எங்கள் மாமாவின் வாயில் விழுந்தால் எந்த இடமும் சொர்க்கமாகிவிடும். அம்மாவின் ஒரே தம்பியான அவர், பறவை சுட வரும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வழிகாட்டியாகப் போய் வந்தவர். துரைமார் குடித்த தேநீரையும் படுத்த கட்டிலையும் அவர் விவரிக்கும்போது, அவரே குடித்துப் படுத்து எழுந்தவர்போல் இருக்கும். ஆகவே, பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிய அந்தச் சித்திரை மாதத்தில், எங்களுக்கு ஒளிந்திருக்க ஓர் இடம் தேடித் தரும் பொறுப்பு அவரிடம் போனதில் வியப்பில்லை.

நான் அப்போது எட்டு வயதுச் சிறுமி. யுத்தம் எங்கள் பக்கத்துக் கடலுக்கும் வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்பா மட்டக்களப்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். அவர் பட்டணத்தை விட்டு அசைய முடியாது. அம்மாவையும் என்னையும் எங்காவது அனுப்பியாக வேண்டும்.

இதற்கு ஓர் எளிய வழி இருந்தது. குருக்கள்மடத்தில் அப்பாவின் தமக்கை, என் மாமி, இருந்தார். ஆனால் அம்மா கல்யாணம் முடித்த புதிதில் வைத்த தேங்காய்ப்பால் சொதியை மாமி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சுடுதண்ணி நல்லாக் கிடக்கு" என்று சொன்னாராம். அந்த வீட்டுப் படியை இனி மிதிப்பதில்லை என்று அம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள். ஒன்பது வருடமாக அந்த முடிவு கொஞ்சமும் இளகவில்லை. குருக்கள்மடம் பெருந்தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவால் பட்டாளத்து லொறிகள் போகின்றன, ஆகவே அங்கேயும் ஆபத்துத்தான் என்று அப்பாவும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அப்போதுதான் மாமா மட்டக்களப்பு வாவியின் நடுவில் இருந்த ஒரு தீவைப் பற்றிச் சொன்னார்.

"அத்தான், அது துரைமார் தங்கிற வாடிவீடு. சீமைப் பங்களா கணக்கா இருக்கும். இப்ப சண்டையால ஒருத்தரும் வாறதில்ல, சும்மாதான் கிடக்கு. ஜப்பான்காரன் மேலால பறந்தா ஒரு தென்னந்தோப்புத்தான் தெரியும். அதுக்குப் போய்க் குண்டை வீணாக்குவானா?"

அப்பாவுக்குச் சிக்கனமானவர்களிடம் எப்போதும் மரியாதை உண்டு. ஜப்பான்காரனும் குண்டை வீணாக்கமாட்டான் என்ற வாதம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா கையை வீசி, "அதெல்லாம் அக்கரையிலயே இருக்கு அத்தான். கை தட்டினாக் கேக்கிற தூரம்" என்றார். கடையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடத்தைப் பார்த்து வரப் புறப்பட்டோம். துறையில் வாடிவீட்டுக்காரர் தோணியோடு காத்திருந்தார். கறுத்து மெலிந்த மனிதர்; பேச்சு என்பதே இல்லை. மாமா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசியதால் அது குறையாகத் தெரியவில்லை. வாவி அன்று பாய் விரித்ததுபோல் கிடந்தது. நான் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வந்தேன். "கையை எடு, முதலை கிடக்கும்" என்று அம்மா இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லாமல் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சீமைப் பங்களா என்பது கிடுகு வேய்ந்த ஒரு நீண்ட வீடு. மண்சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டு அறைகள், ஒரு விறாந்தை, துரைமார் விட்டுப்போன இரண்டு சாய்வு கதிரைகள். அதில் ஒன்றுக்குக் கை இல்லை. கட்டில் ஒன்றுதான், மற்ற அறையில் பன்பாய்களைச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். குசினி தனியாகப் பின்னால் இருந்தது. கக்கூசு தென்னைகளுக்கு அப்பால், ஒரு நடைப்பயணத் தூரத்தில் இருந்தது. அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா உடனே காற்றைப் புகழத் தொடங்கினார்.

வாடிவீட்டுக்காரரின் மனைவி எங்களை வரவேற்க முற்றத்துக்கு வந்தாள். அம்மாவைவிடப் பத்து வயது கூடியிருக்கும். நாங்கள் வருகிறோம் என்று முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தானும் நல்ல சீலை ஒன்றை உடுத்திருந்தாள். எத்தனையோ மாதமாக ஆள் வராத வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. என் கன்னத்தைத் தடவி, "வா மனே, மரமுந்திரி பழுத்துக் கிடக்கு, ஆய்ஞ்சு தாறன்" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையும் 'மனே'தான். அந்த நிமிடமே நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அதன் பிறகு அப்பா குடைக்காம்பால் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், நானும் என் பங்குக்கு வீட்டை ஏற்றுக்கொண்டிருந்தேன். யன்னலோரத்துக் கட்டில் எனக்கும் அம்மாவுக்கும் என்று தீர்மானித்தேன். கரையில் முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தேன்; தெளிந்த தண்ணீரில் குஞ்சு மீன்கள் காலைச் சுற்றி வந்தன. பள்ளிக்கூடம் இல்லை, அடுத்த வீட்டுக்காரர் இல்லை. சண்டை முடியவே கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு அப்பாவின் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தது. அந்தப் பெண் வாவி இறாலைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்திருந்தாள். கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. அப்பா இரண்டாம் தரமும் தயிர் வாங்கினார். பின் கை கழுவிக்கொண்டு வந்து, கை இருந்த கதிரையில் சாய்ந்து, "பரவாயில்ல. நாளைக்கே சாமான ஏத்தி அனுப்புறன்" என்றார். மாமா தானே அந்தத் தீவைக் கட்டியவர்போல் சிரித்தார்.

நான் குசினிக்குப் பின்னால் இருந்த மரமுந்திரிக்கு ஓடினேன். உள்ளே அம்மாவும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருப்பது கிடுகுத் தட்டி வழியாகக் கேட்டது.

"எத்தினை மாசம் கா?" என்று அவள் கேட்டாள்.

"ஆவணிக்குள்ள" என்றாள் அம்மா.

ஆவணி வரை தங்கப்போகிறோம்! விரல் மடித்து மாதங்களை எண்ணிப் பார்த்தேன். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. இவ்வளவு நீண்ட விடுமுறை எந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் கையில் நாலு பழங்களைத் தந்து, "கரைக்குப் போய் விளையாடு மனே" என்றாள். அவள் முகத்தில் காலையில் இருந்த சந்தோஷம் இல்லை. எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. போய் விளையாடினேன்.

நான் திரும்பி வந்தபோது விறாந்தையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

"இஞ்ச வேணாம்" என்றாள் அம்மா. "குருக்கள்மடத்துக்குப் போவம்."

அப்பா கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "அக்காட வீட்டுக்கா? நீயா சொல்லுறாய்?"

"ஓம், நான்தான் சொல்லுறன்."

"இஞ்ச என்ன குறை?"

அம்மா வாய் திறக்குமுன் அந்தப் பெண் முன்னால் வந்தாள். "கூரை ஒழுகும் ஐயா" என்றாள். "கிணறு ஆனி மாசத்தோட உப்பாகிடும். பாம்பு கிடக்கு. போன கிழமையும் அந்தக் கக்கூசடியில ஒண்டு அடிச்சம். சின்னப் பிள்ளையோட இருக்க ஏலாது."

மாமாவுக்கு வந்த கோபத்தை நான் முன்பு கண்டதில்லை. "என்ன பேச்சு இது? காலைல வரேக்க எல்லாம் நல்லாத்தானே கிடந்தது! உன்ர வீட்ட நீயே குறை சொல்லுவியா?"

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பின் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த, தோணி வலிக்கும் சவளை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார்.

நான் அழுதேன். மண்ணில் உருண்டு அழுதேன் என்றே சொல்ல வேண்டும். யன்னல் கட்டில் போயிற்று, மீன் குஞ்சுகள் போயின. எல்லாம் இந்தப் பொம்பிளையால்தான். காலையில் கன்னத்தைத் தடவியவள், சாப்பாடு தந்தவள், இப்போது எங்களைத் துரத்துகிறாள். தோணியில் ஏறும்போது அவள் ஒரு பனையோலைப் பெட்டி நிறைய மரமுந்திரிப் பழம் கொண்டுவந்து நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"உங்கட வீட்டுக்கு இனி ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன்.

அம்மா என் வாயில் அடித்தாள். அம்மா என்னை அடித்தது எனக்கு நினைவுள்ளவரை அந்த ஒரு தரம்தான்.

அந்தப் பெண் குறுக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அடியாத கா, பிள்ளைதானே" என்றாள். பிறகு என்னிடம், "ஓம் மனே, வராட்டிப் பரவாயில்ல" என்று சொல்லிப் பெட்டியை என் காலடியில் தோணிக்குள் வைத்தாள். கரையை விட்டு நாங்கள் வெகுதூரம் வந்த பிறகும் அவள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் கை காட்டினார்கள். நான் மறுபக்கம் திரும்பி இருந்தேன்.

குசினிக்குள் அவள் என்ன சொன்னாள் என்பதை, நான் கல்யாணம் முடித்து முதற் பிள்ளையைச் சுமந்திருந்தபோதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். அம்மா நடந்த விதத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டதாம். ஆவணி என்று கேட்டதும் அவள் அடுப்படியில் அப்படியே குந்திவிட்டாளாம்.

"கச்சான் காத்துக் காலம் அது கா, வாவி கொந்தளிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். "எனக்கும் அந்த மாசம்தான் நோக் கண்டது. மூண்டு நாளாக் காத்து விடல்ல. இவர் தோணிய இறக்கினவர், கவிண்டு போச்சு. திருப்பியும் இறக்கினவர். அக்கரையில மருத்துவிச்சி வந்து நிண்டவ. அவவின்ர வெள்ளைச் சீலை எனக்கு யன்னலால தெரிஞ்சது. பொழுது சாயுமட்டும் அந்த வெள்ளையப் பாத்துக்கொண்டுதான் கிடந்தன். அவவும் பாவம், போக மனமில்லாம நிண்டவ. பிள்ளை தங்கல்ல. அதுக்குப் பிறகு எனக்குப் பிள்ளையே இல்ல. இஞ்ச நிக்காத கா."

பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால் இந்தக் கதையைச் சொன்னதே குற்றம் என்று அவள் அழுதாளாம். ஆண்களிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள், வீட்டில் குறை என்றே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாளாம். அம்மாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மாமா சாகும்வரை அந்தப் பெண்ணை நன்றிகெட்டவள் என்றே ஏசிக்கொண்டிருந்தார்.

சண்டை முடியுமுன்பே அவளும் புருஷனும் தீவை விட்டுப் போய்விட்டார்கள். பாசிக்குடாப் பக்கம் என்று ஒருவர் சொன்னார். அம்மா அங்கேயும் ஆள் விட்டு விசாரித்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த அறிவு. அந்த வருடம் நான் குருக்கள்மடத்தில் மாமி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பட்டணத்திலிருந்து வந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் அங்கே இருந்தன. கால் நீட்டிப் படுக்க இடமில்லை. மாமி அம்மாவின் சமையலில் நாளுக்கு ஒரு குறை கண்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருந்தாள். அவளுக்கு ரோசம் எங்கே போயிற்று என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் எங்களை எல்லாம் அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வீடு தள்ளியிருந்த மருத்துவிச்சி வந்தாள். மறுநாள் விடிந்தும் அவள் போகவில்லை. மாமி செருப்பும் போடாமல் பெருந்தெருவுக்கு ஓடிப்போய், முதலில் வந்த பட்டாளத்து லொறியை மறித்தார். அதில் போய்க் களுவாஞ்சிக்குடியிலிருந்து அப்போதிக்கரி வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். மத்தியானம் எனக்குத் தம்பி பிறந்தான்.

பின்னேரம் என்னை உள்ளே விட்டார்கள். அம்மா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். மாமி அவள் தலையைத் தன் மடியில் வைத்துச் சொதியை வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் தம்பியைப் பார்த்தேன். பிறகு அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையெல்லாம் மற்றவர்களின் பெட்டிகள்; தொட்டில் கட்டக்கூடக் கூரை வளையில் இடமில்லை. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த கோபம் எனக்கு வந்துவிட்டது.

"அந்தத் தீவு வீட்டில நிண்டிருந்தா, தம்பிக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்!" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துத் தம்பியின் நெஞ்சில் வைத்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எதற்காக அப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும், அதனால்தான் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.