கூடத்தில் நன்றாக ஓடிய மிக்ஸி

பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் அவசியம் போக வேண்டிய பயணம் இது. மொத்தம் பத்து கிலோமீட்டர்தான். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம். தேனாம்பேட்டையில் ஒரு மிக்ஸி கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு கரும்பலகையும். வகுப்பு முடிந்ததும் மெக்கானிக்குகள் எல்லோரும் கருத்துச் சீட்டில் "மிக நன்று" என்று எழுதுவார்கள். மதியச் சாப்பாடு அப்படி.

அந்த மாதம் மேனேஜர் கூப்பிட்டார். பழுது பார்த்த மிக்ஸிகள் மறுபடியும் புகாராகத் திரும்புகின்றன, வகுப்பால் என்ன பயன் என்று மாதக் கடைசிக்குள் காட்டு, இல்லாவிட்டால் பிரிவை மூடிவிட்டு உன்னை விற்பனைக்கு அனுப்புவேன் என்றார். விற்பனைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சீட்டுகளை நம்பிப் பயனில்லை, வீடுகளுக்கே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

காலை ஒன்பதரைக்குப் பஸ் பிடித்து தி.நகர் போனேன். பாண்டி பஜாரில் மெக்கானிக் சேகர் மொபெட்டோடு காத்திருந்தான். பட்டினப்பாக்கத்துக்காரன், என் வகுப்பில் முதல் வரிசை. முதல் வீட்டில், நான் சொல்லிக்கொடுத்தபடியே, பழுது நீக்கியதும் ஊறவைத்த உளுந்தை வாங்கிப் போட்டு அரைத்துக் காட்டினான். சும்மா சுற்றினால் எந்த மிக்ஸியும் ஓடும். பாரம் ஏறினால்தான் வண்டவாளம் தெரியும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பின்னால் உட்கார்ந்து மயிலாப்பூர் வந்தேன். (வெயிலில் மொபெட்டின் பின் இருக்கை தோசைக்கல். துண்டு எடுத்துப் போங்கள்.) மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீடு. மூன்றாவது முறையாக அதே புகார். அந்த வீட்டு மாமி மிக்ஸியைக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். சேகர் ஸ்விட்சை மாற்றினான், வெறும் மிக்ஸியை ஓட்டினான், மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

"போன தடவையும் இங்கே நன்னாத்தான் ஓடித்து," என்றார் மாமி. "உள்ளே கொண்டுபோய் அடைக்கு அரைச்சா நின்னுடறது."

ஏன் அரைத்துப் பார்க்கவில்லை என்று சேகரிடம் கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? நான் ஜாரைத் தொட்டா அவங்க திரும்பக் குளிக்கணுமாம். கிச்சன் பக்கமே போவ முடியல."

மாமி மறுக்கவில்லை. மடியாக இருக்கும்போது பருப்பை வெளியே கொண்டுவர முடியாது என்றார், மழை வருகிறது என்று சொல்வதுபோல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் என் வகுப்பில் ஓட்டை எங்கே என்பதும் அங்கேதான் தெரிந்தது. நான் சொல்லிக்கொடுத்தது சமையலறை திறந்திருக்கும் வீடுகளுக்கு மட்டும்.

"நீங்களே உள்ளே எடுத்துப்போய் அரைங்க மாமி. நாங்க இங்கயே நிக்கறோம்," என்றேன். அரை நிமிஷத்தில் சத்தம் நின்றது. மிக்ஸி வெளியே வந்தது. சேகர் பிரித்தான், மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்து கிடந்தது. மாற்றிக் கொடுத்தான். இரண்டாம் முறை, அடைமாவு முழுதாக அரைபடும்வரை சத்தம் நிற்கவில்லை.

ஆற்றுப் பாலம் தாண்டி அடையாறில் இரண்டு வீடுகள். ஒன்றில் இதே கதை, இதே வழி.

அடுத்த வகுப்பிலிருந்து அரைநாளை இதற்கே ஒதுக்கினேன். வகுப்புக்கு வந்தவர்கள் போன வீடுகளிலிருந்து புகார் திரும்புகிறதா, வராதவர்கள் போன வீடுகளிலிருந்து திரும்புகிறதா என்று அலுவலகத்தில் தனித்தனியாக எண்ணச் சொன்னேன். மேனேஜரிடம் கெடு நீட்டி வாங்கியது தனிக் கூத்து. மூன்றாம் மாதம் கணக்கைப் பார்த்தவர் பிரிவை மூடும் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஓர் உதவியாளரையும் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: கருத்துச் சீட்டை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்த புகார் எந்த வீட்டிலிருந்து என்று மட்டும் கேட்டு, அங்கே முதலில் போங்கள். மாட வீதிகளுக்குக் காலை பத்து மணிக்குள் போனால் மொபெட் நிறுத்த இடம் கிடைக்கும்.

அந்த அரைநாள் வகுப்பை நான் எடுக்கவில்லை, சேகர் எடுத்தான். கரும்பலகையைத் தொடவே இல்லை. புதுப் பையன்களிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "கூடத்துல நிக்க வெச்சா நில்லு. கோச்சிக்கினு கெளம்பிடாத. உள்ள அரைச்சி முடிக்கிற சத்தம் கேட்டாத்தான் உன் வேலை முடிஞ்சிது."