சரி என்று ஆடும் தலை

வெளிநாட்டுப் போர் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள, விமானப்படை என் மகளை அந்த நாட்டுக்கே அனுப்பியிருந்தது. முதல் வாரம் வீடியோ காலில் அவள் முகம் வாடியிருந்தது.

"வாத்தியாரு என்னை மக்குன்னு நெனச்சிக்கினாருப்பா. புரிஞ்சுதான்னு கேக்கறாரு, தலையாட்டறேன். மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாரு. உங்க ஊரு ஆளுங்களுக்கு லேட்டாதான் ஏறும்னு வேற சொல்றாரு."

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் நாங்கள் பாதிப் பேச்சைக் கழுத்தாலேயே பேசி முடிப்பவர்கள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'சரி'. அந்த ஆளுக்கு அது 'இல்லை'யாகத் தெரிந்திருக்கிறது. இது தெரியாதவர் என் பெண்ணை மக்கு என்பதா?

"வாயத் தொறந்து சொல்லும்மா. கழுத்த ஆட்டாத," என்றேன்.

அப்படியே செய்தாள், நன்றாகத் தேறினாள். விடுப்பில் வந்தவளிடம், "இன்னொரு தோசை ஊத்தட்டா?" என்று கேட்டதற்கு, கழுத்து அசையாமல் "எஸ்" என்றாள். யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

கிளம்பும் நாள், காரில் ஏறியவளிடம் ஜன்னலில் குனிந்து கேட்டேன்.

"பத்திரமா பறப்பியாம்மா?"

வாய் திறக்கவில்லை. தலை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் ஆடியது.

நான் மறுபடி கேட்கவில்லை.