குகன் மாமா நீட்டிய தும்புத்தடி

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அப்பா சப்பாத்தும் கழற்றாமல் தொலைபேசியோடு சமையலறையில் நின்றார். வேட்டைக்குப் போன இடத்தில் குகன் மாமாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்பா நெடுநேரம் அழுதார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப குகன் அண்ணையின்ரை வேட்டைத் துவக்கு இனி ஆருக்கு?"

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லோரும் படுத்த பிறகு, போர்வைக்குள் ரோச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

டென்மார்க்கில், இந்தப் பிரெடெரிசியா நகரில் எங்கள் ஆட்களுக்குள் வேட்டை அனுமதி எடுத்தவர் அவர் ஒருவர்தான். மான் இறைச்சி, இதைக் கேட்கப்போகும் உங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கும். "எங்கட கறித்தூள் போட்டால் டென்மார்க் மானும் தமிழ் கதைக்கும்" என்பார்.

சண்டையோ மின்தடையோ வந்தால் என்று மூன்று நாளுக்கான அவசரப் பெட்டி வைத்திருக்கும்படி அரசு சொன்னபோது, அப்பா அதைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். தண்ணீர், மீன் ரின், ரேடியோ. ஊரில் ஷெல்லடிக்குள் வெறுங்கையோடு ஓடியவர் அவர். ஒன்று குறைகிறது என்று மாமாவைக் கூப்பிட்டு, அம்மாவும் தூக்கக்கூடிய துவக்கு எது என்று கேட்டார்.

நீளத் துவக்கு வீட்டுக்குள் திரும்பாது, கைத்துப்பாக்கிக்கு வேட்டை அனுமதி போதாது, எதுவானாலும் இரும்பு அலுமாரியில் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. மாமா மூலையிலிருந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து நீட்டி, துவக்குப் போல அப்பாவின் தோளில் வைத்தார்.

"கதவுக்கு நேரே பிடி, தம்பி. அதுக்குப் பின்னால ஆர்?"

எதிர்வீட்டுக் கிழவி. ஜன்னல் பக்கம் திருப்பினால் கீழே பிள்ளைகள் சைக்கிள் விடுகிற இடம். சுவர்ப் பக்கம் திருப்பியபோது அப்பா தடியைத் தாழ்த்தப் பார்த்தார். மாமா விடவில்லை.

"சொல்லு."

"எங்கட பிள்ளையின்ரை கட்டில்."

"காட்டில, பின்னால மண்மேடு இருந்தால்தான் நான் சுடுவன். உன்ரை வீட்டில மண்மேடு எங்க?"

அப்பா தடியைக் கீழே விட்டார். போகும்போது மாமா, எதிர்வீட்டுக் கிழவியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதி, குறைகிற சாமான் இதுதான் என்று அவசரப் பெட்டிக்குள் வைத்தார்.

இப்போது வேட்டை அனுமதி வகுப்புக்கான படிவம் அப்பாவின் பெயரில் நிரப்பப்பட்டு எங்கள் மேசையில் கிடக்கிறது. அப்பாவை மறிக்க மாமா இல்லை.

அவருடைய கேள்வி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க மாமி என்னைத்தான் கேட்டிருக்கிறா. முன்வரிசையில் அப்பா இருப்பார். இந்தத் தாளை மடிக்காமல் கடைசிவரை வாசிக்கவேண்டும். பயமாக இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமுகிறார். பக்கத்தில் நின்று இருமுவது போலக் கேட்கிறது. அவ்வளவு மெல்லிய சுவர்.