மகளின் பல்லில் ஒரு கோடு

துபாயிலிருந்து வந்த அன்றே, மகளின் முன்பல்லில் பழுப்புக் கோட்டைக் கண்டு, “பல்லே தேய்க்க மாட்டியா?” என்று உறவினர் முன்னால் கேட்டுவிட்டேன். அதன்பின் அவள் வாயைப் பொத்தியே சிரித்தாள்.

தஞ்சாவூர் பல் டாக்டரோ, “புள்ள மேல தப்பில்லைங்க” என்றார். “பல்லோட மேல்பூச்சு, எனாமல். அதைக் கட்டுற செல்லுக்குள்ள சட்டகம் மாதிரி சில புரதம், பக்கத்துச் செல்லைப் புடிச்சுக்கச் சில புரதம். செல்லெல்லாம் கைகோத்து வரிசையா நகரும். கடுங்காய்ச்சல்ல புடி தளர்ந்தா இப்படிக் கோடு விழலாம். இந்தப் பல்லு ஈறுக்குள்ள உருவான ரெண்டு வயசுல காய்ச்சல் வந்துச்சா?”

நான் மனைவியைப் பார்த்தேன்.

“பதினோரு நாள். சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருப்பீங்க” என்றாள். என்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை!

வெளியே வந்ததும், மகளிடம் “மன்னிச்சிரும்மா” என்றேன்.

“அத்தா, நீங்க இன்னைக்குப் பல்லு தேய்ச்சீங்களா?” என்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

நான் இல்லாத பதினோரு நாட்களை, அவள் சிரிக்கும்போதெல்லாம் இப்போது பார்க்கிறேன்.