அசையாத எண்

யுவே-ஷியா அக்கா எங்கள் பம்ப் நிலையத்துக்கு வந்த புதிதில், சாமி பக்தியே இல்லாதவள் என்றுதான் நினைத்தேன். கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்கமாட்டாள். ஏழாம் மாதம் ஆவிகளுக்குப் படையல் போடும்போதும், ஊதுபத்தியைச் செருகிவிட்டு மறு நிமிடம் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவாள். அவள் பக்தி முழுவதும் பச்சைப் பொட்டலத்தின் மேல் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

தேங்காய் வாசனை போட்ட சோளப்பொரிப் பொட்டலம். எங்கள் தீவில் எந்த மெஷினைப் பார்த்தாலும், மக்கர் பண்ணாமல் ஓடட்டும் என்று மேலே ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சைப் பைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். தேதி தாண்டக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. எல்லாவற்றையும்விட, மெஷின் ஓடும்போது அதை எடுக்கவே கூடாது. மற்ற நாங்களெல்லாம் இதைப் பாதி விளையாட்டாகச் செய்வோம். அக்கா விளையாட்டாகச் செய்யவில்லை. சொந்தக் காசில் வாங்கி, தேதி பார்த்து மாற்றுவாள்.

எங்கள் ஊர் கடலைவிடப் பள்ளம். மீன் குளங்களுக்காக நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி நாங்களே இறக்கிக்கொண்ட பள்ளம், யாரைக் குற்றம் சொல்ல? மழை பெய்தால் தண்ணீர் தானாக வெளியேறாது. வாய்க்கால் முகத்துவாரத்தில் ஓர் அளவுக்கருவி இருக்கிறது. அது சொல்லும் மட்டத்தை நிலையத்தில் இருக்கும் கம்யூனிகேஷன் கார்டு வாங்கி கன்ட்ரோலருக்குக் கொடுக்கும். மட்டம் ஏற ஏற கன்ட்ரோலர் ஒவ்வொரு பம்பாகக் கிளப்பும். எல்லை தாண்டினால் சைரனையும் அதுவே ஊதும்; இரண்டையும் கையால் கிளப்ப வழியில்லை. பள்ளத்தெரு சனங்கள் சைரன் கேட்டால் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். அக்காவின் புருஷன் வெங்-தே, பள்ளத்தெருக் கடைசியில் சிப்பிக் குளம் வைத்திருந்தார்.

அந்தக் கோடை மழையில் கூரை ஒழுகி, கன்ட்ரோலர் பெட்டியின் தலையில் சொட்டியது. அக்கா பொட்டலத்தை எடுத்துப் பெட்டிக்குள்ளேயே, கார்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் செருகினாள்.

"சாமியைக் கருவறையிலயே வச்சிட்டீங்களே அக்கா."

"உனக்கு என்னடா தெரியும்? இங்கேன்னா நனையாது, எலியும் கடிக்காது. பேசாம போய் மோட்டாருக்கு கிரீஸ் போடு."

புயல் வந்த நாள் நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. காற்று கதவை அடித்த அடியில் தேநீர்க் குவளை தானாக நகர்ந்தது. திரையில் தண்ணீர் மட்டம் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். ஒரே ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வெங்-தே போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சோறு தின்றபடியே பேசினாள்.

"தண்ணி எவ்வளவுடி?"

"ஒன்னு புள்ளி ரெண்டு. பயப்படாதீங்க."

"வலையெல்லாம் இழுத்துக் கட்டணும். கட்டிட்டு வரேன்."

"கட்டுங்க, கட்டுங்க. சிப்பிதானே உங்களுக்கு மூத்த பொண்டாட்டி."

அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். அக்கா நாலு வாய் சோறு தின்றிருப்பாள். சாப்பிடும் குச்சிகளை அப்படியே கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டாள்.

"தம்பி, காலையில நீ பாத்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"ஒன்னு புள்ளி ரெண்டு."

"இவ்வளவு மழைக்கு ஒரு புள்ளியாவது அசைய வேணாமா?"

அவள் திரையில் உள்பக்கத்தைத் திறந்தாள். கன்ட்ரோலர் தன்னோடு இணைந்தவற்றை வரிசையாகக் காட்டும் இடத்தில், கார்டு இருக்க வேண்டிய வரி காலியாகக் கிடந்தது. கார்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. கடைசியாகக் கேட்ட எண்ணையே, கிளிப்பிள்ளை மாதிரி, திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே போய்ப் பார்க்க வழியில்லை. முகத்துவாரம் போகும் ரோடு முழுகிவிட்டது. வெங்-தேவுக்கு அடித்தோம், டவர் போய்விட்டிருந்தது.

அக்கா பெட்டியைத் திறந்தாள். கார்டின் விளக்கு அணைந்திருந்தது. கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள், வந்தது. முகத்துவாரக் கம்பியின் முனைகளைக் கழற்றி, சுரண்டி, மறுபடி முடுக்கினாள். கார்டின் அடையாள எண்ணைக் குறிக்கும் சுவிட்சுகளைச் சரிபார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனையும் அந்தப் பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றி, அதன் மேல் விரல்கூடப் படாமல் செய்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்ததே!

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, அந்தச் சனியனை வெளியே எடுத்துட்டுப் பாருங்க!"

"வாயைக் கழுவு! ஓடுற ஒரு பம்பும் நின்னா நீயா தண்ணி இறைப்ப?"

நானே கையை விட்டு இழுத்தேன். சுலபமாக வரவில்லை. பை மத்தளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. புயல் நெருங்கினால் காற்றழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் மூடிய பை உப்பும். பெட்டிக்குள் சூடு வேறு. உப்பின பை கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, அதன் குழியிலிருந்து பாதி வெளியே தள்ளியிருந்தது. அக்கா பையைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். கட்டைவிரலால் கார்டை உள்ளே அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

வரி அப்போதும் காலிதான். எங்கள் கன்ட்ரோலர் பழசு. அணைத்துப் போடும்போது மட்டும்தான் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும். அணைத்தால் பம்பும் நிற்கும். நின்ற பம்ப் மறுபடி கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அணைக்கட்டுமா?" என்றாள். என்னைக் கேட்கிற மாதிரி இல்லை. அணைத்துவிட்டாள்.

பம்பின் இரைச்சல் அடங்கியபோதுதான் வெளியே இருந்த தண்ணீரின் சத்தம் கேட்டது. அது அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அக்கா சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கார்டின் பச்சை விளக்கும் மினுக்கியது. திரையில் எண் மாறியது: மூன்று புள்ளி நான்கு. கரையின் உயரமே மூன்றுதான். எல்லாப் பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக் கிளம்ப, தலைக்கு மேல் சைரன் அலறியது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரெயின்கோட்கூடப் போடாமல் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். நான் பின்னால் ஓடி, படியில் இடுப்பளவுத் தண்ணீரில் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். என் கையைக் கடித்தாள்.

மறுநாள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பள்ளத்தெருவில் எல்லோரும் வந்திருந்தார்கள், வெங்-தேவைத் தவிர. அடுத்த குளத்துக்காரர் கெங்-ஹோ அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து அழுதார்.

"சைரன் ஊதினதும் கூப்பிட்டேம்மா. கையைப் பிடிச்சு இழுத்தேன். வரலையே."

"ஏன் வரல?"

அவர் என்னைப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"சொல்லுங்கண்ணே. என்ன சொன்னாரு?"

"சைரனுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு, நீங்க போங்க, என் பொண்டாட்டி இப்பத்தான் பாத்துச் சொன்னான்னு சொன்னாரும்மா."